சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள், தம்பி

தம்பி, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள பிராம்ப்டனுக்கு வந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்கிறீர்கள். வாங்கிய பழைய காரில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு அணைய மறுக்கிறது, சக்கர வேகத்தை அளக்கும் இடது முன்சக்கர சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்குச் சேலம் வந்திருக்கிறேன், இங்கிருந்தே எழுதுகிறேன்.

உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கடையில் காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் வந்த சி0035 என்ற குறியீடு அந்தச் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. கனெக்டரும் வயரும் அந்தச் சுற்றில் அடக்கம். (இடது என்பது இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் இடது. நம் ஊரில் அது பக்கத்து இருக்கைப் பக்கம். கனடாவில் ஓட்டுநர் பக்கம்.)

சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பொறுமையாக வயரைப் பிரித்துப் பார்ப்பார். ஒன்டாரியோவில் தேடும் நேரத்துக்கும் மணிக்கணக்கில் கூலி உண்டு. கடைக்காரருக்கு நேராகப் பாகத்தை மாற்றுவதே லாபம். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஏற்காடு மலைப்பாதையில் மழையும் சேறும்தான் பகை. கனடாவில் பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்புதான் பகை. சக்கரம் திரும்பும்போதெல்லாம் சென்சார் வயரும் வளைகிறது. கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றிப் பாருங்கள். முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தாலோ ரப்பர் வளையம் கிழிந்திருந்தாலோ பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். மேலுறை பளபளப்பாக இருந்தும் உள்ளே செம்பு கருத்து உளுத்துப்போயிருப்பதும் உண்டு.

பிறகு சாவியைத் திருப்பி, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். இப்போதைய கார்களில் பெரும்பாலும் 12 வோல்ட்டை ஒட்டி வரும். வயரை ஆட்டும்போது அது விழுந்தால் கோளாறு வயரில்தான். ஆடாமல் நின்று, இரண்டாவது வயரும் நடுவில் அறுபடாமல் இருந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். இவ்வகைச் சென்சாரை மல்டிமீட்டரின் ஓம் (மின்தடை) நிலையில் வைத்து அளக்காதீர்கள், கெட்டுவிடக்கூடும். ஊசியால் வயரைக் குத்தியும் பார்க்காதீர்கள்; உப்புநீர் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போகும். அறுந்த வயரை இணைத்தால், அதன்மேல் சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள குழாயைப் போடுங்கள். வெறும் கறுப்பு டேப் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது.

சென்சாரை மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் கடையிலேயே கொடுங்கள். துருவில் இறுகிய சென்சார் கழற்றும்போது உடைந்து துளைக்குள் சிக்கும். அந்த வேலை உங்கள் வீட்டு வாசலில் முடியாது. வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒன்டாரியோ சட்டப்படி அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரும்படியும் முன்பே சொல்லிவிடுங்கள். புதிய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். பனியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதால் நிதானமாக ஓட்டுங்கள். சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.