மனப்பாடமாக வாசிக்கும் பிள்ளைகள்

கேள்வி: முக்கூடல் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துகளை வரிசையாகச் சொல்கிறார்கள். பாடத்தையும் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். அதே சொற்களை வைத்துக் கரும்பலகையில் புதிதாக ஒரு வரி எழுதினால் விழிக்கிறார்கள். எதைக் கேட்டாலும் வாய் திறப்பதில்லை. எழுதினால் 'பளம்', 'மளை'. பேச்சை முதலில் திருத்தினால்தான் எழுத்து வரும் என்கிறார் தலைமையாசிரியை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் தலைமையாசிரியை சொல்வதில் பாதி சரி, டீச்சர். பேச்சில்தான் தொடங்க வேண்டும். திருத்தும் வேலையை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

முதலில் வாசிப்பவர் யார், ஒப்பிப்பவர் யார் என்று பிரித்துவிடுங்கள். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பாடத்தின் கடைசி வரியில் கடைசிச் சொல்லைக் கேளுங்கள். 'கூ'வைத் தனியாகக் காட்டுங்கள். சில பிள்ளைகள் 'க, கா, கி, கீ' என்று முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து அங்கே நிற்கும். அவர்களுக்குத் தெரிந்தது பாட்டு. எண்ணும் எழுத்தும் திட்டத்துக்காகப் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருப்பீர்கள். அதையும் இப்படி ஒருமுறை சோதித்துவிடலாம்.

தமிழைக் கூட்டி வாசிப்பது பெரியவர்கள் நினைக்கிற அளவு எளிதில்லை. 'பம்பரம்' என்பதில் ப இரண்டு முறை வருகிறது. ஒலி வேறு வேறு. கடல், தங்கம், பகல் மூன்றிலும் க ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. 'கொ'வில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ ககரம். எழுத்தெழுத்தாகத் தடவி வரும் பிள்ளை, பம்பரம் விட்டுப் பழகியிருந்தால், சட்டென்று "பம்பரமா டீச்சர்?" என்று சரியான ஒலிக்கு வந்துவிடும். கேட்டே இராத சொல் என்றால் அந்தக் கைப்பிடி இல்லை. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லில் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

காலையில் பத்து நிமிடம் பேச விடுங்கள். 'என் நாடு' பற்றிப் பேசு என்றால் நானும் வாய் திறக்க மாட்டேன். குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, வாழைத்தார் எப்போது வெட்டுவார்கள், நேற்று ராத்திரி வீட்டில் என்ன குழம்பு என்று உங்களுக்கு விடை தெரியாததாகக் கேளுங்கள். தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வியைப் பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஒரு பிள்ளை "எங்க அம்மா பீடி சுத்துதா" என்றால், சொன்னது சொன்னபடியே பலகையில் எழுதுங்கள். தான் சொன்னதைத் தானே வாசிக்கட்டும். பிறகு சொற்களைத் தனித்தனிச் சீட்டாக்கிக் கலைத்து அடுக்கச் சொல்லுங்கள். அம்மாவை எடுத்துவிட்டு ஆச்சியை வையுங்கள். பீடியை எடுத்துவிட்டு முறுக்கை வையுங்கள். இங்கே மனப்பாடம் உதவாது, வாசித்தே ஆக வேண்டும். சில நாள் கழித்து அதன் கீழேயே 'எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார்' என்று எழுதி, புத்தகத்தில் இப்படி எழுதுவோம் என்று காட்டினால் போதும். (நடுவில் "நானும் பீடிக்கு நூல் கட்டுவேன்" என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். வகுப்பிலேயே அதை விசாரணையாக்க வேண்டாம். அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். மறுநாளும் அந்தப் பிள்ளை பேச வேண்டுமே.)

'பளம்' விஷயம். நம் பக்கத்தில் பெரியவர்களே 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறோம். கேட்டதைக் கேட்டபடி எழுதிய பிள்ளையின் காதில் ஒரு குறையும் இல்லை. சிவப்பு மையில் சுழிப்பதால் பயன் கிடையாது. இந்த ழகரத்தைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். மழை, பழம், வாழை, கிழமை, ஏழு என்று ஒரு சார்ட்டில் தொடங்கி வையுங்கள். புதிதாகக் கண்டுபிடிப்பதைப் பிள்ளைகளே சேர்க்கட்டும். நாக்கை மடித்து ழ சொல்வதை விளையாட்டாகத் தனியே நடத்தலாம். "மளை பெஞ்சுது டீச்சர்" என்று ஓடி வரும் பிள்ளையை நிறுத்தித் திருத்தாதீர்கள். "மழையா? எங்கே பெய்தது?" என்று நீங்கள் சரியாகச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், இதற்கெல்லாம் ஆள் ஏது என்பீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சீட்டு வாசிக்க வைக்கும் பொறுப்பில் உட்கார வையுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதான் இது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்றுத்தருவது, மணலில் விரலால் எழுதுவது இரண்டையும் பற்றி 1797-இல் லண்டனில் எழுதி வெளியிட, அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது. நாம்தான் கைவிட்டுவிட்டோம். உங்களுக்கும் ஒரு தட்டு மணல் போதும், செலவில்லை.

இவ்வளவு செய்தும் ஓரிரு பிள்ளைகள் பலகையைப் பார்த்து விழித்தால், முன்வரிசைக்குக் கொண்டுவந்து பாருங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது அவர்களின் கண்ணையும் காதையும் தவறாமல் காட்டிவிடுங்கள்.