வாசகர் கேள்வி - பதில்

சாண்டில்யனின் ‘கடல் புறா’ நாவலில் எவ்வளவு நிஜம்? (திருச்சி வாசகி)

நாயகன் இளையபல்லவன், அதாவது கருணாகரத் தொண்டைமான், நிஜம். சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனின் தளபதியாகக் கலிங்கத்தை வென்ற அவரைக் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. அவனுக்கு முந்தைய சோழன் வீரராசேந்திரன் காலத்தில் கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) வெல்லப்பட்டதற்கும் கல்வெட்டு உண்டு. காஞ்சனாதேவி, மஞ்சளழகி, அமீர் எல்லாம் கற்பனை. பரணி போரைத்தான் பாடுகிறது. கருணாகரனின் வாலிபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இடைவெளியில்தான் சாண்டில்யன் கப்பல் விட்டார்!

சாண்டில்யன் முழுநேர எழுத்தாளரா? (மதுரை வாசகர்)

பத்திரிகையாளர். 1910-இல் திருக்கோவிலூரில் பிறந்த பாஷ்யம் (அதுதான் அவர் இயற்பெயர்), சுதேசமித்திரன் நாளிதழில் நிருபராக இருந்தவர். சினிமாவுக்கும் எழுதினார். பெரும்புகழ் தந்தவை குமுதம் தொடர்கள். 1987-இல் காலமானார்.

முதலில் எதைப் படிக்கலாம்? பழைய பைண்டிங் வாங்கலாமா? (சேலம் வாசகர்)

‘யவன ராணி’ இரண்டு பாகம், ‘கடல் புறா’ மூன்று. சின்னதிலிருந்து தொடங்குங்கள். வர்ணனை பக்கக்கணக்கில் ஓடும். நாயகியின் இடையில் கதை நின்றுவிட்டால் தாராளமாகத் தாண்டலாம். கடற்போரை மட்டும் தாண்டாதீர்கள். காற்று, பாய், கரையின் அமைப்பு என ஒன்று விட்டாலும் அடுத்த அத்தியாயம் புரியாது.

வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டிங் என்றால், ஓவியர் லதாவின் படங்களுக்காகவே வாங்கலாம். ஆனால் அத்தியாய எண்களை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு வாரம் விடுபட்டிருக்கும். ஓரத்தை ஒட்ட வெட்டியிருந்தால் வரியின் கடைசி எழுத்துகளும் போயிருக்கும்.