300 வெள்ளியில் வீட்டு அலுவலகம்: முதலில் தவணைக்காரரை அனுப்பிவையுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கிறோம். இரண்டு அறை வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார், நான் வீட்டில் தையல் தைக்கிறேன். மகள் படிவம் 4, மகன் 5ஆம் ஆண்டு. பாடம், தையல் கணக்கு, பில் எல்லாமே சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. பிறப்புப் பத்திரம் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது, மற்ற தாள்கள் பிளாஸ்டிக் பைகளில். வீட்டுக்கு வந்த ஒரு ஏஜண்டு, மேசை, அலமாரி, நாற்காலி சேர்ந்த 'ஹோம் ஆபிஸ் செட்' மாதம் 89 வெள்ளி (ரிங்கிட்), 36 மாதம் கட்டினால் போதும் என்கிறார். என்னிடம் 300 வெள்ளி இருக்கிறது. நாங்களே செய்துகொள்ள முடியுமா, ஐயா?

பதில்: முடியும், சகோதரி. ஆனால் முதலில் அந்த ஏஜண்டைப் பற்றிப் பேசிவிடுவோம், இல்லையென்றால் எனக்குக் கை ஓடாது.

89ஐ 36ஆல் பெருக்குங்கள். 3,204 வெள்ளி. அந்தக் காசுக்கு அவர் கொண்டுவந்து இறக்குவது மரமா? மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. மேலே மரத்தின் வரிகளை அச்சடித்த தாளை ஒட்டியிருப்பார்கள். ஏர்கோன் ஓடும் ஆபிஸில் அது சில வருடம் நிற்கும். நம் வீட்டில் தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம், மழை நாளில் சுவரே வியர்க்கிறது. அடி ஓரத்தில் தண்ணீர் ஏறினால் பலகை உப்பும். உப்பியது திரும்ப இறங்காது. ஸ்குரூ ஒரு முறை ஆடிவிட்டால் மறுபடி முறுக்கினாலும் பிடிக்காது, அது பிடிக்க உள்ளே நார் கிடையாது. இரண்டாம் வருடம் டிராயர் கழன்று விழும், மூன்றாம் வருடத் தவணையை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வீடு தேடி வந்து விற்பதற்கு மலேசியாவில் உரிமம் வேண்டும். 1993இலிருந்து அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. அடுத்த முறை அவர் வந்தால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு, பலகை என்ன ரகம் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார்கள். மைகாட் அடையாள அட்டையைப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை வழக்கு எடுப்பார்கள். இவ்வளவு நல்ல ஏற்பாட்டைச் செய்துவைத்தவர்கள், தோட்டப்புறத்தில் ஒரு ஆளுக்காவது அதைத் தமிழில் சொல்லியிருக்கிறார்களா? விற்க வருகிறவர் மட்டும் நன்றாகத் தமிழ் பேசுகிறார்.

எனக்கு எரிச்சல் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 25, 30 வருடம் பால் வெட்டி முடிந்த ரப்பர் மரத்தைச் சாய்ப்பார்கள். ஒரு காலத்தில் அது புகைக்கூண்டுக்கு விறகாகப் போனது. இன்று அதே மரம் மருந்தேற்றிக் காயவைத்து, மூவார் பக்கம் மேசை நாற்காலியாகி, கப்பலேறி வெளிநாடு போகிறது. நல்ல மரம், ஸ்குரூவை இறுக்கிப் பிடிக்கும், பாலிஷும் நன்றாக ஏறும். அந்த மரத்தில் பால் வெட்டியவரின் பேத்தி தூள்பலகையில் புத்தகம் வைத்துப் படிக்க வேண்டுமா?

ஆகவே முதல் வேலை, பழைய சாமான் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். ரப்பர் மரச் சாப்பாட்டு மேசைகள் அடிக்கடி வரும். நான்கு பேர் உட்காரும் மேசை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வாங்கும் முன் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மரத்தின் வரி மேலேயும் கீழேயும் ஓட வேண்டும். சின்னச் சின்ன ஓட்டையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு இருக்கிறது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மேசை கிடைக்காவிட்டால் பிளைவூட். 18 மில்லிமீட்டர் கனம், 8 அடிக்கு 4 அடி, ஒரே ஒரு பலகை போதும். ஹார்ட்வேர் கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள். காருக்குள் முழுப் பலகை ஏறாது, கையால் அறுத்தால் கோணலாகும். இப்படி எழுதிக் கொடுங்கள்: நீளவாக்கில் சரிபாதியாக இரண்டு துண்டு, இரண்டும் 8க்கு 2 அடி. முதல் துண்டில் 5 அடியை வெட்டினால் அது மேசைப் பலகை. மிச்சம் 3 அடியை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு தட்டு. இரண்டாம் துண்டையும் நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொன்றையும் 3 அடி, 3 அடி, 2 அடி என்று வெட்டினால் இன்னும் நான்கு தட்டும், இரண்டு சின்னத் துண்டும் கிடைக்கும். மேசை ஒன்று, தட்டு ஆறு. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் தின்னும் என்பதால் ஒரு நூல் குறையும், கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். மேசைக்கு நாலு கால் வேண்டுமென்றால் ஊர் வெல்டிங் கடையில் சதுரக் குழாயில் ஒரு சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். ஆயத்தமாக விற்கும் ஸ்டைலான கால்களைவிட அது மலிவு, உறுதியும்கூட. தரையிலிருந்து மேசை மேல்பரப்பு 73, 74 சென்டிமீட்டர் இருக்கட்டும். சின்ன மகனுக்குக் கால் தொங்கும், அந்த 2 அடித் துண்டுகளில் ஒன்றைச் செங்கல் மேல் வைத்துக் கால்பலகை ஆக்கிவிடுங்கள்.

பிளைவூட்டின் வெட்டிய ஓரங்களுக்கு மிச்ச சாயமோ வார்னிஷோ இரண்டு கை பூசுங்கள். பல பேர் மேல்பக்கத்தைப் பளபளப்பாக்கிவிட்டு ஓரத்தை மறந்துவிடுவார்கள். தண்ணீர் நுழைவது ஓரத்தில்தான்.

தட்டுகளைச் சுவரில் எல் வடிவ இரும்புத் தாங்கியில் ஏற்றுங்கள். தாங்கியை முனையில் வைக்காமல், இரண்டு பக்கமும் அரை அடி உள்ளே தள்ளி வையுங்கள், பலகை நடுவில் தொய்யாது. 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று இரண்டரைக் கிலோ. பத்து ஃபைல் நிறைந்தால் 25 கிலோ, அதாவது ஒரு பெரிய அரிசி மூட்டை. சும்மா ஆணி அடித்தால் நிற்காது, வால் பிளக் போட்டு ஸ்குரூ முறுக்குங்கள். தட்டுக்குத் தட்டு 14 அங்குல இடைவெளி விட்டால் பெரிய ஃபைல் நிமிர்ந்து நிற்கும். சுவிட்சுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடவே கூடாது, வயர் அந்த வழியாகத்தான் ஓடும்.

உங்கள் வீடு தாமானில் இருப்பதால் இதை எழுதுகிறேன். இதைப் படிக்கும் தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். வீடு கம்பெனியுடையது என்றால் சுவரில் எதையும் ஏற்றாதீர்கள். முப்பது வருடம் வேலை செய்தவரும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அப்போது கட்டிய அலமாரி சுவரோடு போய்விடும், துளைகளுக்குக் காசு பிடிக்கிறேன் என்று தோட்டத்து எழுத்தர் கிராணி வந்து நிற்பார். நீங்கள் செய்ய வேண்டியது நிற்கும் அலமாரி. அதே பிளைவூட், அதே அளவு, ஆனால் தாங்கிக்குப் பதில் துளை போட்ட இரும்பு ஆங்கிள் நான்கு, நட்டும் போல்ட்டும். ஒரு மணி நேரத்தில் கழற்றி லாரியில் ஏற்றிவிடலாம். பலகைச் சுவராக இருந்தாலும் அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், காற்றும் போகும், கரையான் ஏறுவதும் கண்ணில் படும். பழைய லயத்து வீடுகளில் கூரையோ சிலிங்கோ ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் துளைப்பது, அறுப்பது, உப்புத்தாள் போடுவது எதுவும் கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். விளக்கைத் தொங்கவிட ஆசைப்பட்டுச் சிலிங்கில் ஸ்குரூ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். மேசை விளக்கு போதும். இதெல்லாம் சொந்த வீடு இருந்தால் தேவைப்படாத யோசனைகள். சொந்த வீட்டுத் திட்டம் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம், அதை இங்கே ஆரம்பித்தால் பலகை பற்றி எழுத இடம் இருக்காது.

அடுத்து, காசில்லாமல் செய்கிறேன் என்று பேலட் கட்டையைத் தூக்கி வருகிறவர்கள். இணையத்தில் பார்த்த மோகம். பேலட் நல்ல மரம்தான், ஆனால் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு வரும் பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்டி என்ற எழுத்து இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். எம்பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகையடித்தது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாமல், உரம் வைக்கும் பஜா ஸ்டோரிலிருந்து வருவதைத் தொடவே தொடாதீர்கள். என்ன மருந்து அதில் வழிந்ததென்று யாருக்கும் தெரியாது. முத்திரையைச் சுரண்டிவிட்டு 'சுத்தமான கட்டை' என்று விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

அதைவிட மோசம் மருந்துத் தோம்பு, அதாவது மருந்து வந்த டிரம். களைக்கொல்லி வந்த தோம்பைக் கழுவிவிட்டுக் குப்பைத்தொட்டி ஆக்குவது, பாதியாக வெட்டி ஃபைல் வைப்பது. வேண்டவே வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1இலிருந்து தடை, ஆனால் பழைய தோம்புகள் வீட்டுப் பின்கட்டில் இன்னும் கிடக்கலாம். மற்ற மருந்துகளின் தோம்பும் பிளாஸ்டிக்கில் ஊறியதை விடாது. பிள்ளைகளின் புத்தகத்தை அதில் வைக்காதீர்கள். பிஸ்கட் டின், மைலோ டின், எண்ணெய் டின் எல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பேனா, கத்தரி, நூல்கண்டு வைக்க அதைவிட நல்ல பெட்டி கடையில் இல்லை.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகாதீர்கள். சிரிம் தரச் சான்று ஒட்டி இல்லாததைப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்காதீர்கள். மடிக்கணினியும் எல்இடி விளக்கும் அதிகம் இழுக்காது, உங்கள் இஸ்திரிப் பெட்டி இழுக்கும், அது நேராகச் சுவர் பிளக்கில். புதுப் பிளக் பாயிண்டு வேண்டுமென்றால் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். எல்லா வேலையும் தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணனை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

தாள்களுக்கு வருவோம். பிளாஸ்டிக் பைகளைத் தரையில் கொட்டி ஏழாகப் பிரியுங்கள்: முதலில் ஆளுக்கொரு ஃபைல் என்று நான்கு. அவரவர் பிறப்புப் பத்திரம், பள்ளி, மருத்துவமனை, சேமநிதித் தாள்கள் அவரவர் ஃபைலில். ஐந்தாவது வீடு, ஆறாவது லாரி, ஏழாவது உங்கள் தையல். பிறப்புப் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். தையல் ஃபைலை வருடவாரியாக வையுங்கள், வருமான வரிக்காரர்கள் 7 வருடத்துக்குக் கணக்கு வைக்கச் சொல்கிறார்கள். துணிக்கடை, நூல்கடை ரசீதுகள் சூட்டில் அச்சாகும் தாள், சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுங்கள் அல்லது நகல் போடுங்கள். தொழிலை நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய நினைத்தால் சொந்தப் பெயரில் வருடம் 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இதையே 200, 300 வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்பவர்கள் கவுண்டருக்கு வெளியே நிற்பார்கள், கடந்து உள்ளே போங்கள்.

மைகாட் நகல் ஐந்தாறு போட்டு வைத்திருங்கள். ஒரே அலுவலகத்தில் மூன்று கவுண்டரில் மூன்று நகல் கேட்பார்கள். கார்டிலேயே சிப் வைத்திருக்கிறார்கள், எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. யாருக்குக் கொடுத்தாலும் நகலின் குறுக்கே எந்த வேலைக்கு, என்ன தேதி என்று எழுதிக் கோடு போட்டுக் கொடுங்கள். தாள்களை அட்டைப்பெட்டியில் தரையில் வைப்பது மட்டும் வேண்டாம். கரையானுக்கு அட்டையைவிடப் பிடித்தது வேறில்லை.

இவ்வளவும் செய்த பிறகு கையில் மிச்சம் இருந்தால் அதை நாற்காலிக்குச் செலவழியுங்கள். மூடிய அலுவலகங்களின் நாற்காலிகள் பழைய கடைகளில் கிடைக்கும். கடையில் உட்கார்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். உயரத்தை முழுதாக ஏற்றி, ஐந்து நிமிடம் கடைக்காரரோடு பேசிக்கொண்டே உட்காருங்கள். நாற்காலி மெல்ல இறங்கினால் அதைத் தாங்கும் கேஸ் குழாய் கெட்டுவிட்டது. விலையைக் குறைக்கிறேன் என்பார், வாங்காதீர்கள்.