மிசிசிப்பி நீராவிப் படகுக் கவிதைகளில் தீவிபத்து ஏன் அடிக்கடி வருகிறது?

நீராவிப் படகுக் கவிதைகள் என்பவை, 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி, ஒஹையோ முதலிய அமெரிக்க ஆறுகளில் ஓடிய படகுகளையும் அவற்றில் உழைத்தவர்களையும் பாடும் கவிதைகளும் கதைப்பாடல்களும் ஆகும். அவற்றில் தீயும் வெடிப்பும் திரும்பத் திரும்ப வருவதற்கான காரணம் படகுகளின் அமைப்பிலேயே இருந்தது. மரத்தாலான உடலுக்குள் உலை எரிந்தது. கொதிகலனில் உயர் அழுத்த நீராவி நிறைந்திருந்தது. 1865 ஏப்ரலில் மெம்ஃபிஸ் அருகே ‘சுல்தானா’ என்ற படகு வெடித்துத் தீப்பிடித்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதற்குச் சிறந்த சான்று ஜான் ஹே 1871இல் வெளியிட்ட ‘ஜிம் பிளட்சோ’. அதில், இன்னொரு படகை முந்தவிடக் கூடாது என்ற பிடிவாதத்தில் உலைக்குள் பிசினும் பைன் மரமும் திணிக்கப்படுகின்றன. பாதுகாப்பு வால்வின் மேல் ஓர் ஆளே உட்காருகிறான். விசில் வரவிடாமல் குக்கரின் வெயிட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுப்பைக் கூட்டிவைப்பதற்கு ஒப்பான செயல் அது. படகு தீப்பற்றியதும், கடைசி ஆள் கரையேறும்வரை அதன் முனையைக் கரையோடு சேர்த்து நிறுத்தும் இயந்திரப் பொறுப்பாளன் ஜிம், தான் மட்டும் தீயில் மடிகிறான். இரண்டு ஊர்களில் இரண்டு மனைவியரை வைத்திருந்த அவனை ஹே உத்தமனாக்கவில்லை. அவன் கதையை ஆற்றங்கரை மக்களின் பேச்சுவழக்கிலேயே சொல்கிறார். அந்த நேர்மையே இக்கவிதையின் உயிர் என்பேன்.

இத்தகைய கவிதைகளைப் படகுத் தொழிலாளர்களே எழுதினார்கள் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ஹே, லிங்கனின் செயலாளராக இருந்து பிற்காலத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரானவர். படகுத்துறைகளில் மூட்டை சுமந்த கறுப்பினத் தொழிலாளர்களின் பாடல்களோ வாய்மொழியாக வழங்கிய வேறொரு மரபு.