மொட்டை மாடியில் மட்டும் சிக்னல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "உங்கள் ஊரில் நெட் எப்படி?" என்று ஒரு வரிதான் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி கேள்வியே இல்லை, வெறும் வயிற்றெரிச்சல். அதையும் விடாமல் படித்தேன். கேள்வியாக இருந்தவற்றில் நாலு பேருக்கு உதவும் என்று பட்டவை இங்கே. டவர் கண்ணுக்கே தெரியாத ஊரிலிருந்துதான் நானும் எழுதுகிறேன், அதனால் டவுன்காரன் உபதேசம் என்று நினைத்துவிட வேண்டாம்.

40 எம்பி பிளான் என்று சொல்லித்தான் ஃபைபர் போட்டார்கள். கம்ப்யூட்டரில் எதை டவுன்லோடு செய்தாலும் 5-ஐத் தாண்டுவதில்லை. பின்கட்டு அறையில் உட்கார்ந்தால் அதுவும் கிடையாது, வட்டம்தான் சுற்றுகிறது. கேபிள்காரரைக் கேட்டால் "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறார். ஏமாற்றுகிறார்களா? (வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

முதல் பாதிக்கு கேபிள்காரர் மேல் பழி போடாதீர்கள். பிளானில் சொல்கிற 40 என்பது மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லை, ஒரு நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு). டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 40-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 5 வந்துவிடும். காசுக்கு உரியது வந்துகொண்டுதான் இருக்கிறது.

பின்கட்டு விவகாரம் வேறு. ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் போய்ப் பார்த்த வீடுகளை வைத்து ஊகிக்கிறேன்: தெருப்பக்க ஜன்னல் ஓரம், ஏனென்றால் ஒயர் இழுத்தவருக்கு அதுதான் சுலபம், அதற்குப் பக்கத்திலேயே இரும்பு பீரோ, தூசி படக்கூடாது என்று மேலே ஒரு பூப்போட்ட துணி. துணியால் ரவுட்டருக்குப் புழுக்கம் மட்டும்தான், பீரோதான் வில்லன். இரும்பைத் தாண்டி வைஃபை போகாது. பழைய வீடு என்றால் ஒன்றரை அடி மண்சுவரோ கல்சுவரோ இருக்கும், அதில் இரண்டைத் தாண்டுவதற்குள் அலைக்கு மூச்சு முட்டிவிடும்.

முதலில் லேப்டாப்பை லேன் ஒயரில் ரவுட்டரோடு நேராகச் சொருகி வேகம் பாருங்கள். அப்புறம் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வைஃபையில், அப்புறம் பின்கட்டில். ஒயரில் 40, பக்கத்தில் 38, பின்கட்டில் 3 என்று வந்தால் குறை உங்கள் வீட்டுக்குள்தான். கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடித்துப் பிரயோஜனம் இல்லை, பிளானை 100 ஆக்கினாலும் பின்கட்டில் அதே 3தான் இருக்கும் (இப்படி ஏமாந்தவர்கள்தான் அதிகம்). ரவுட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். இரண்டு பெயர் காட்டுகிற ரவுட்டராக இருந்தால் 5ஜி என்று முடிவதை விட்டுவிட்டு இன்னொன்றில் சேருங்கள். அந்த 5ஜி செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலை. வேகம் உண்டு, சுவரைத் தாண்டும் தெம்பு இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவாக வந்தாலும் சுவர் தாண்டி வரும். அதுவும் போதவில்லை என்றால் பின்கட்டு வரை ஒரு லேன் ஒயரை இழுத்து, சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே ஆக்சஸ் பாயிண்டாக (ஒயரில் வரும் நெட்டை அந்த இடத்தில் வைஃபையாகக் கொடுப்பது) போடச் சொல்லுங்கள். கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார். மலிவான ரிப்பீட்டர் வாங்குகிற அலையிலேயே திருப்பி விடுவதால் வேகம் பாதியாகும். ஒயர்தான் நல்லது.

மகன் பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறான். எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை, போன் நெட்தான். காலையில் நன்றாக ஓடுகிறது, சாயங்காலம் ஏழு மணி மீட்டிங்கில் அப்படியே சிலை மாதிரி நின்றுவிடுகிறான். போனில் சிக்னல் ஃபுல்லாகத்தான் காட்டுகிறது. பூஸ்டர் வாங்கலாமா? (வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பூஸ்டர் வேண்டாம் அம்மா. உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், பக்கத்து வீடுகளின் சிக்னலையும் கெடுக்கும். அதோடு உங்கள் வியாதிக்கு அது மருந்தும் இல்லை. சிக்னல் ஃபுல் என்றால் ரேஷன் கடை திறந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அது சொல்லாது. சுற்றுவட்டத்து ஊர்கள் எல்லாம் ஒரே டவரைப் பங்கு போடுகின்றன. ஏழு மணிக்கு மேல் காட்டு வேலை முடித்து வந்தவர்கள் எல்லாரும் போனை எடுத்துவிடுகிறார்கள், மகன் மீட்டிங்கும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அதனால் வேறு கம்பெனி சிம்மைச் சோதித்துப் பாருங்கள், ஆனால் அவன் உட்காரும் அதே மேசையில், அதே ஏழு மணிக்கு, மூன்று நாள். பக்கத்து வீட்டுத் தம்பியின் போனை ஐந்து நிமிடம் இரவல் வாங்கினால் போதும். கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் எந்த ஊரில் எங்கள் சேவை உண்டு என்று வரைபடம் போட வேண்டும் என்பது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி, அதையும் ஒரு கண் பாருங்கள். ஆனால் வரைபடத்துக்கு உங்கள் வீட்டுத் தகரக் கூரை தெரியாது. தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

எந்த சிம் என்று முடிவானதும், சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கி மாடியில், டவர் இருக்கும் திசைப் பக்க ஜன்னலில் வைத்து, அங்கிருந்து லேன் ஒயரில் கீழே இறக்குங்கள். வெளி ஆன்டெனா மாட்ட வசதி உள்ள ரவுட்டராக இருந்தால் இன்னும் நல்லது. எந்த ஜன்னல் என்பதைக் கண்டுபிடிக்க போன் செட்டிங்கில் சிக்னல் அளவு டிபிஎம் என்று மைனஸ் எண்ணில் இருக்கும்: மைனஸ் 85 என்றால் அமர்க்களம், மைனஸ் 110 என்றால் தள்ளாட்டம். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு நடை நடக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மீட்டிங்கில் உறைந்து போவது பெரும்பாலும் அப்லோடு, அதாவது நம் பக்கத்திலிருந்து அனுப்பும் வேகம், குறைவால். 4ஜியில் டவுன்லோடு 15 இருக்கும்போது அப்லோடு 1 கூட இல்லாத நேரம் உண்டு. கேமராவை அணைத்துவிட்டுப் பேசினால் மிகக் குறைந்த நெட்டே போதும். முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்கிற மேனேஜரை ஒருநாள் உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன் அண்ணா. தினம் 1.5 ஜிபி, மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ஒரு பிடிஎஃப்கூட இறங்க மாட்டேன்கிறது. (வாசகி, தர்மபுரி மாவட்டம்)

தினக் கணக்கு தீர்ந்ததும் பல கம்பெனிகள் வேகத்தை 64 கிலோபிட்டுக்கு இறக்கிவிடுகின்றன. நொடிக்கு 8 கிலோபைட். 2 எம்பி வினாத்தாள் இறங்கவே நாலு நிமிடத்துக்கு மேல், 20 எம்பி நோட்ஸ் என்றால் முக்கால் மணி நேரத்தை நெருங்கும், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. அதனால் தீராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. எதில் போகிறது என்று செட்டிங்கில் டேட்டா உபயோகம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். படிப்பில் போயிருக்காது. சொந்தக்காரர்கள் குரூப்பில் வரும் காலை வணக்கப் படமும் கோயில் வீடியோவும் தானாக இறங்கியிருக்கும், வாட்ஸ்அப்பில் அந்தத் தானியங்கி டவுன்லோடை நிறுத்துங்கள். ஆப் அப்டேட்டையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். போர்டில் எழுதிக் காட்டும் பாடத்துக்கு வீடியோ தரம் 360 போதும், 1080 வேண்டாம். விடிகாலை ஐந்து மணிக்கு டவர் காலியாக இருக்கும். அன்றைக்கு வேண்டிய பாடத்தை அப்போதே இறக்கி வைத்துவிட்டு மற்ற நேரம் நெட்டை அணைத்து வைத்துப் படிக்கலாம்.

விண்ணப்பம் மட்டும் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். போட்டோ, கையெழுத்து இரண்டையும் கேட்ட அளவுக்குச் சுருக்கி முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

மோடத்தில் சிவப்பு விளக்கு. மாதத்துக்கு மூன்று தடவையாவது. புகார் செய்தால் ஆள் வருவதில்லை, "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று மெசேஜ்தான் வருகிறது. (வாசகர், தென்காசி மாவட்டம்)

அந்த மெசேஜ் எனக்கும் வந்திருக்கிறது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் அந்த விளக்கு எரிந்தால் ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் வராது. ஒரு விஷயம் மட்டும் நீங்கள் பார்க்கலாம்: மோடத்துக்கு வரும் மெல்லிய ஒயர் ஆணியில் மடங்கியோ கதவிடுக்கில் நசுங்கியோ இருக்கிறதா என்று. உள்ளே இருப்பது தலைமுடி தடிமனில் கண்ணாடி இழை, சுருக்கென்று மடித்தால் ஒளி கசிந்துவிடும்.

எங்கள் வீட்டில் நாலு மாதம் இதே கூத்து. காற்று அடித்தால் போகும், நின்றால் வரும். வந்த ஒவ்வொருவரும் மோடத்தை மாற்றினார்கள், அடாப்டரை மாற்றினார்கள், என்னிடம் கரண்ட் சரியில்லை என்றார்கள். கடைசியாக ஒரு வயதான லைன்மேன் வந்தார். மோடத்தைத் தொடவே இல்லை. ஒயரைக் கழற்றி, ஒளியின் பலத்தை அளக்கும் ஒரு சின்ன மீட்டரில் சொருகினார், மைனஸ் 31 காட்டியது. "மைனஸ் 27-க்குக் கீழ போனாலே தடுமாறும் சார், இது மைனஸ் 31" என்று சொல்லிவிட்டு ஒயர் வந்த வழியே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். கிணற்றடித் தென்னையில் ஒயர் உரசும் இடத்தில் கறுப்பு உறையில் வரிசையாகப் பல் தடம். அணில். இழை முழுசாக அறுபடவில்லை, காற்றில் ஆடும்போது விலகி விலகிச் சேர்ந்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு மெஷினில் ஒட்டவைத்தார், மறுபடி சொருகினால் மைனஸ் 21. ஒயரை மரத்திலிருந்து விலக்கிக் கட்டிவிட்டுப் போனார், அதற்கப்புறம் சிவப்பு விளக்கைப் பார்த்தது கரண்ட் கம்பம் சாய்ந்த அன்றைக்கு மட்டும்தான்.

அதிலிருந்து யார் வந்தாலும் கிளம்பும் முன் "பவர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டு, தேதியோடு காலண்டரில் குறித்துவைக்கிறேன். நீங்களும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே வந்தவரின் பேச்சு மாறிவிடும்.

ஆளே வரவில்லையென்றால்: புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், சரியாகாமலே முடித்துவிட்டால் அதே எண்ணைக் காட்டி அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்புங்கள். கட்டணம் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் இந்த ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்பது 2012-ஆம் வருட டிராய் விதி. அதிலும் நடக்கவில்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதுங்கள். பலபேர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள், தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. நெட் இல்லாத நாட்களுக்கு வாடகையில் கழிவும் கேளுங்கள், கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது. இன்வெர்ட்டர் வாங்க வசதி இல்லை. (வாசகர், அரியலூர் மாவட்டம்)

இன்வெர்ட்டர் எதற்கு? பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே கையடக்கமான மினி யுபிஎஸ் (சின்ன பேட்டரிப் பெட்டி) கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொள்ளுங்கள். ஆனால் கேபிள்காரர் கடையிலோ டவரிலோ பேட்டரி செத்துக் கிடந்தால் உங்கள் ரவுட்டர் மட்டும் விழித்திருந்து பயனில்லை. ஒருநாள் கரண்ட் போன நேரத்தில், ரவுட்டரை இன்வெர்ட்டரில் போட்டிருக்கும் அக்கம்பக்கத்தார் யாரையாவது நெட் வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கள் பஞ்சாயத்து ஆபீசில் பாரத்நெட் பெட்டி வைத்து வருஷக்கணக்காகிறது. வீட்டுக்கு எப்போது வரும்? (வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

2011-இல் வேறு பெயரில் ஒப்புதல் ஆன திட்டம் அது, பாரத்நெட் என்ற பெயர் பின்னால் வந்தது. ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் மூல நோக்கம், தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான வேலையை டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் எடுத்தது. ஆபீசிலிருந்து வீட்டு வாசல் வரையிலான கடைசி கிலோமீட்டர்தான் எல்லா ஊரிலும் சிக்கல். 2023 ஆகஸ்ட்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதலான அடுத்த கட்டத்தில், ஒயரை வளையமாகப் போட்டு ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக வரும்படி செய்வதும் சேர்ந்திருக்கிறது. பொக்லைன் ஒரு தடவை தோண்டினால் நாலு ஊருக்கு நெட் போகிற நிலைமைக்கு அது வேண்டியதுதான். நீங்கள் ஒன்று செய்யலாம்: கிராம சபையில் பெட்டி வேலை செய்கிறதா, பள்ளிக்கூடத்துக்கும் வீடுகளுக்கும் எப்போது இணைப்பு என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பேரன் துபாயில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகிறது, படம் போகிறது, போன் மட்டும் போவதில்லை. நெட் கம்பெனியை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். (வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்)

மாற்றாதீர்கள் ஐயா, உங்கள் நெட் மேல் ஒரு குறையும் இல்லை. அந்த நாட்டில் வாட்ஸ்அப் வழியாகப் பேசுவதற்குப் பல வருடமாகவே தடை. அங்கே அனுமதி பெற்ற ஆப்கள் இருக்கின்றன, போட்டிம் அதில் ஒன்று. எதில் பேசுகிறான் என்று பேரனிடமே மெசேஜில் கேட்டு, அதையே உங்கள் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள்.