ட்ரேயைத் திருப்பிப் பாருங்கள்: ஃபேஷன் நிறுவனங்களின் பழைய பார் பொருட்கள் வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

காக்டெய்ல் ஷேக்கர், ஐஸ் பக்கெட், டிகேண்டர் (மதுவை ஊற்றிப் பரிமாறும் குடுவை), ட்ரே என்று பெரிய ஃபேஷன் நிறுவனங்களின் பெயர் தாங்கிய பழைய பொருட்களைச் சேகரிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். அநேகமாக எல்லாக் கேள்வியும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: இந்தப் பெயருக்கு நான் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: 1970களைச் சேர்ந்த கூச்சி ஐஸ் பக்கெட் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். அடியில் 'கூச்சி, இத்தாலி' என்று பொறித்திருக்கிறது. அது போதுமா?

போதாது. போலி செய்பவருக்கு ஆகச் சுலபமான வேலை பெயர் பொறிப்பதுதான். பெயரில்லாத பழைய வெள்ளி முலாம் பக்கெட் ஒன்றை மலிவாக வாங்கி, லேசர் இயந்திரத்தில் வைத்து எடுத்தால் விலை பல மடங்கு ஏறிவிடும். ஆகவே என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், எப்படி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். அடிப்பாகத்தை நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து, மிக அருகில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அச்சு வைத்து அடித்த முத்திரையில் உலோகம் அமுங்கி, எழுத்தின் ஓரம் லேசாகப் புடைத்திருக்கும். ஓர் எழுத்து ஆழமாகவும் அடுத்தது சற்று மேலாகவும் விழுந்திருக்கும். முத்திரை அடித்த பிறகுதான் பெரும்பாலும் முலாம் பூசுவார்கள்; அதனால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் வெள்ளி படிந்திருக்கும். லேசர் எழுத்து ஒரே ஆழத்தில், சாம்பல் பூத்ததுபோல் தட்டையாக இருக்கும். பின்னாளில் முலாமைச் சுரண்டி எழுதியது என்றால் பள்ளத்துக்குள் பித்தளையின் மஞ்சள் எட்டிப் பார்க்கும். தேய்மானம் மேட்டில் வருமே தவிரப் பள்ளத்தில் வராது. எனவே சுற்றிலும் வெள்ளி நன்றாக இருந்து, எழுத்துக்குள் மட்டும் மஞ்சள் தெரிந்தால் விலகிவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை. அடிப்பாகம் பல ஆண்டுகள் மேசையில் உரசிக் கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறல் எழுத்தின் விளிம்பையும் தாண்டி ஓடினால், எழுத்துதான் முதலில் வந்திருக்கிறது. எழுத்து, கீறலை நடுவில் வெட்டிக்கொண்டு புதிதாக நின்றால், கீறலுக்குப் பிறகு வந்த எழுத்து அது.

அடுத்து வடிவம். 1921-இல் ஃபிளாரன்ஸில் தொடங்கிய கூச்சி நிறுவனம் குதிரைச் சவாரிப் பொருட்களிலிருந்து தன் அடையாளத்தை எடுத்துக்கொண்டது. குதிரையின் கடிவாள வளையம், அங்கவடி, 1947-இல் கைப்பைக்கு வந்த மூங்கில் கைப்பிடி ஆகியவை பார் பொருட்களிலும் திரும்பத் திரும்ப வரும். அவை சும்மா ஒட்டிய அலங்காரமாக இல்லாமல் கைப்பிடியாகவோ மூடியின் பிடியாகவோ வேலை செய்யும். மூங்கில் என்றால் உண்மையான கணு இருக்கும். இரண்டு கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரே அளவாக இருக்காது. எந்த அடையாளமும் இல்லாத வெற்றுப் பக்கெட்டில் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கடுமையாகச் சோதியுங்கள்.

உயரம், வாய் அகலம், எடை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கி, பழைய ஏலப் பட்டியல்களில் உள்ள அதே மாதிரியின் அளவுகளோடு ஒப்பிடுங்கள். விலங்குத் தலை வைத்த பாட்டில் ஓப்பனர் போன்ற வார்ப்புப் பொருட்களில் இது நன்றாகக் கைகொடுக்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து மறுபடி வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் கொஞ்சம் சிறியதாகவே வரும். பிடரி மயிர், கண் போன்ற நுணுக்கங்களும் மழுங்கியிருக்கும்.

கேள்வி: பாரிஸ் ஹெர்மெஸ் பெயர் உள்ள ஷேக்கரை 'வெள்ளி' என்று சொல்லி விற்கிறார்கள். வெள்ளியா, முலாமா?

முத்திரையே சொல்லிவிடும். பிரான்சில் கெட்டி வெள்ளிக்கு 1838 முதல் மினர்வா தேவியின் தலை முத்திரை உண்டு. பழைய பொருளில் பக்கத்தில் 1 என்றால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி. 2 என்றால் 800. செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் கெட்டி வெள்ளி, சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் முலாம். இத்தாலியப் பொருளில் 800 அல்லது 925 என்ற எண்ணைத் தேடுங்கள். ஆங்கிலப் பொருளில் நடக்கும் சிங்கம் இருந்தால் 925. 'இபிஎன்எஸ்' என்ற எழுத்துகள் நிக்கல் கலவையின் மேல் மின்முலாம் பூசியது என்று பொருள். எந்த எண்ணும் முத்திரையும் இல்லாமல் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் முலாம் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

முலாம் என்பதால் பொருள் தாழ்ந்துவிடாது. ஃபேஷன் நிறுவனங்களின் பார் பொருட்களில் பெரும்பகுதி முலாம்தான். இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் சொந்தப் பட்டறையில் இவற்றைச் செய்யவில்லை, தேர்ந்த வெள்ளிப் பட்டறைகளிடம் செய்வித்து வாங்கின. ஹெர்மெஸுக்குப் பல பொருட்களைச் செய்து கொடுத்தது ரவினே தாங்ஃபேர் என்ற பாரிஸ் பட்டறை. அதன் முத்திரையும் ஹெர்மெஸ் பெயரும் சேர்ந்து இருக்கும் ஷேக்கர் என்றால் எனக்குத் தனி மதிப்பு. விற்றவர் யார் என்பதோடு செய்த கை எது என்றும் தெரிந்த பொருள் அது. சேகரிப்பில் நீங்கள் துரத்த வேண்டியது இந்த இரண்டாவது பெயரைத்தான்.

முலாம் தேய்ந்திருந்தால் மறுபடி பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். உள்பக்கம் தேய்ந்து, பயன்படுத்தவும் ஆசை என்றால் பூசுங்கள். அலமாரியில் வைக்கத்தான் என்றால் விட்டுவிடுங்கள். மறுமுலாமுக்கு முன்பு பொருளை அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதில் முத்திரையின் கூர்மையும் செதுக்கலின் விளிம்பும் போய்விடும்.

கேள்வி: பிரம்பு பதித்த அக்ரிலிக் ட்ரே. 'கிறிஸ்டியன் டியோர் என்று கருதப்படுவது, 1970கள்' என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். பொருளில் எங்கும் பெயர் இல்லை. நியாயமான விலை எது?

பெயரில்லாத 1970களின் நல்ல ட்ரேக்கு என்ன கொடுப்பீர்களோ அதுதான். டியோர் பெயருக்காக ஒரு காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். 'கருதப்படுவது', 'பாணியில்', 'வட்டத்தைச் சேர்ந்தது' என்று எழுதும் விற்பனையாளர் எந்த உறுதியும் தரவில்லை. பின்னால் நீங்கள் புகார் செய்தாலும் அந்தச் சொல்லே அவருக்குக் கவசமாகிவிடும்.

டியோர் வீட்டுப் பொருட்கள் விற்றது உண்மை. இத்தாலிய வடிவமைப்பாளர் கேப்ரியெல்லா கிரெஸ்பி அந்த நிறுவனத்துக்காக மேசைப் பொருட்கள் வடிவமைத்ததும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்துப் பிரம்பு, பித்தளை, அக்ரிலிக் ட்ரே எதைக் கண்டாலும் டியோர் என்று சொல்லும் பழக்கம் சந்தையில் வேரூன்றிவிட்டது. எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பழைய விற்பனைப் பட்டியலின் பக்கம், ரசீது, பெட்டி, ஒட்டுத்தாள் ஏதாவது ஒன்று வர வேண்டும். வேறொருவர் விற்பனைக்கு வைத்திருக்கும் இதே மாதிரி ட்ரேயின் படத்தை ஆதாரமாக அனுப்பினால் அதை ஏற்காதீர்கள். அவரும் இப்படி எங்கோ பார்த்துத்தான் எழுதியிருப்பார்.

அக்ரிலிக் ட்ரே வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்கஹால் அதற்கு ஆகாது. சிந்திய மது அப்படியே நின்றால் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலை வலையாகக் கிளம்பும். வளைத்த மூலையிலும் ஒட்டிய இணைப்பிலும்தான் முதலில் வரும். ஒரு முறை வந்தால் போகாது. கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவமும் இதே கேட்டைச் செய்யும். மென்மையான சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். வாங்குவதற்கு முன்பு விளக்கை ட்ரேயின் பின்னால் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து தெரியாத வெடிப்பெல்லாம் அதில் தெரியும்.

கேள்வி: பியர் கார்தான் பெயர் உள்ள பொருட்கள் எங்கு பார்த்தாலும் இருக்கின்றன, விலையும் குறைவு. ஏன்?

அவர் தன் பெயரை நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு உரிமம் கொடுத்தார். பெயர் அசல்தான், ஆனால் வடிவத்தில் அவர் கைபட்டது என்று சொல்ல முடியாது. வடிவம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். பின்னால் விலை ஏறும் என்று நினைத்து வாங்காதீர்கள். உரிமம், கூட்டு என்றாலே மட்டம் என்றும் எண்ண வேண்டாம். வெர்சாச்சே 1992 முதல் ரோசந்தால் என்ற ஜெர்மன் பீங்கான் நிறுவனத்துடன் சேர்ந்து பீங்கான் செய்கிறது. இரண்டு பெயரும் அடியில் ஒளிவு மறைவில்லாமல் இருக்கும்.

கேள்வி: இவற்றில் குடிக்கலாமா? ஊற்றி வைக்கலாமா?

பரிமாறலாம், சேமித்து வைக்கக் கூடாது. பழைய கிரிஸ்டல் டிகேண்டர்களில் ஈயம் உண்டு. ஐரோப்பிய விதியில் ஈயக் கிரிஸ்டல் என்று சொல்லவே குறைந்தது 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். மது அதில் மாதக்கணக்கில் இருந்தால் ஈயம் பல மடங்கு இறங்குவதை 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. விருந்துக்கு ஊற்றி, மீதியை அன்றே பாட்டிலுக்குத் திருப்பிவிடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஈயக் கிரிஸ்டல் பாத்திரங்களை அடியோடு தவிர்க்க வேண்டும்.

ஷேக்கரின் உள்ளே முலாம் தேய்ந்து செம்போ பித்தளையோ தெரிந்தால் அதில் எலுமிச்சைச் சாறு படவே கூடாது. அமிலம் செம்பைக் கரைத்துவிடும். வண்ணம் தீட்டிய பழைய பீங்கான் ட்ரேக்களில், வண்ணத்தில் ஈயமோ காட்மியமோ இருக்க வாய்ப்புண்டு. கோப்பையைத் தாங்க விடுங்கள், உணவை நேராக வைக்காதீர்கள்.

எதையும் டிஷ்வாஷரில் போடாதீர்கள். வெள்ளியை ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள் இவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம்; இவற்றிலிருந்து அது வரும்.

கேள்வி: முதலைத் தோல் போர்த்திய டிகேண்டரை வெளிநாட்டு ஏலத்தில் எடுக்க ஆசை. தந்தப் பிடி வைத்த கார்க் ஸ்க்ரூவும் அதே தொகுப்பில் வருகிறது.

பணம் கட்டுவதற்கு முன்பு நிறுத்துங்கள். முதலை இனங்கள் எல்லாம் சைட்டிஸ் எனும் அழியும் உயிரினங்கள் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். தந்தம் அதைவிடக் கடினம், ஆமை ஓடும் அப்படியே. பல நாடுகளில் அனுமதியே கிடைக்காது. ஏல நிறுவனம் 'அனுமதி பெறுவது வாங்குபவர் பொறுப்பு' என்று விதியில் எழுதியிருக்கும். சுங்கத்தில் பறிமுதல் ஆனாலும் பணம் திரும்பாது. தந்தம் உள்ள தொகுப்பை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

'பழம்பொருள், சுங்க வரி இல்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள். சர்வதேசச் சுங்க வகைப்பாட்டில் பழம்பொருள் என்றால் 100 ஆண்டுக்கு மேற்பட்டது. 1970களின் ட்ரே அதில் வராது. ஏலத்தில் சுத்தியல் விலைக்கு (ஏலம் முடிந்த விலைக்கு) மேல் வாங்குபவர் கட்டணம் வேறு உண்டு. பல இடங்களில் அது 20 சதவீதத்தைத் தாண்டும். அதையும் அனுப்பும் செலவையும் கூட்டிய பிறகுதான் உங்கள் உச்ச விலையை முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பக்கெட் வந்தது. படத்தில் காட்டாத நெளிவு இருக்கிறது, மூடி பொருந்தவில்லை. 'பழைய பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார் விற்றவர்.

வயதுக்குரிய தேய்மானம் வேறு, சொன்னதற்கு மாறான பொருள் வேறு. 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டு நெளிந்ததை அனுப்பினால் அது இரண்டாவது வகை. மூடி பொருந்தவில்லை என்றால் அது வேறொரு பக்கெட்டின் மூடியாகவும் இருக்கலாம். உலோகத்தின் நிறத்தையும் முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து அதையும் புகாரில் சேருங்கள்.

பொருளைத் துடைக்காதீர்கள், மெருகேற்றாதீர்கள், நெளிவை நீங்களே தட்டி எடுக்கவும் வேண்டாம். வந்த பெட்டியையும் உள்ளே வைத்த தாளையும் பத்திரப்படுத்துங்கள். விற்பனைப் பக்கத்தின் விவரத்தை அவர் மாற்றுவதற்குள் படமாகச் சேமியுங்கள். நெளிவை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, விற்பனைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது பின்னால் நிற்காது. தளமும் கார்டு நிறுவனமும் புகாருக்கு நாள் கணக்கு வைத்திருக்கின்றன. 'பட்டறையில் கேட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள்' என்று அவர் இழுத்தாலும், அந்தக் கெடு முடிவதற்குள் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.