வாசகர் கேள்வி பதில்: கதேயும் கச்சேரிக்காரர்தான்

போன இதழில் ஜெர்மன் கவிஞர் கதேயைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் திருகோணமலையில் பாதிப்பேர் கவிஞர்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை அவரைப் பற்றிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தில்) வேலை செய்கிறேன். ஃபைல்களுக்கு நடுவில் கவிதை வருவதில்லை. வேலையை விட்டுவிட்டு கதேயைப் போல முழுநேரமாக எழுதலாமா? (வாசகர், கிண்ணியா)

பதில்: கதேயும் கச்சேரிக்காரர்தான் தம்பி. 1775இல் வைமாருக்குப் போனவரை அடுத்த வருடமே அந்தச் சின்ன அரசின் கோமகன் தன் ஆலோசனைச் சபைக்குள் இழுத்துப்போட்டார். அப்புறம் சுரங்கம், வீதி, படை, கடைசியில் கஜானா என்று ஒவ்வொன்றாகத் தலையில் ஏறியது, தொடங்கிய நாடகங்கள் அரைகுறையாகக் கிடந்தன. 1786 செப்டம்பரில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, கூட இருந்தவர்களிடம்கூடச் சொல்லாமல், பெயரை மாற்றிக்கொண்டு இத்தாலிக்குப் போய்விட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருடம்! உங்களுக்கு வயிறெரியப்போவது இனித்தான்: கோமகன் நோ பே லீவு போடவில்லை, சம்பளம் ஓடிக்கொண்டே இருந்தது. ‘இஃபிகேனியா’வும் ‘எக்மோன்ட்’டும் அங்கேதான் முடிந்தன. திரும்பி வந்து நிர்வாகச் சுமையில் பெரும்பகுதியை இறக்கிவைத்தாரே தவிர, வைமாரை விட்டுப் போகவில்லை.

அவருடைய ‘தாசோ’ நாடகத்தில் ஒரு பாத்திரம் சொல்லும்: திறமை அமைதியில் உருவாகும், குணம் உலகத்தின் ஓட்டத்தில் உருவாகும். நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதப் பார்க்கிறார்கள். உங்களுக்குக் கோமகன் இல்லை, வேலையை விடாதீர்கள். வருட லீவையெல்லாம் கல்யாண வீடுகளுக்கே கொடுக்காமல் ஒரு வாரத்தை எழுத்துக்கு எடுத்துவையுங்கள்.

கேள்வி: காதலில் தோற்றால்தான் நல்ல எழுத்து வருமா? (வாசகி, உவர்மலை)

பதில்: அப்படியென்றால் இந்த ஊரில் அச்சகங்கள் போதாது. 1772இல் வெட்ஸ்லாரில், வேறொருவருக்கு நிச்சயமாகியிருந்த சார்லொட்டேமீது கதேக்கு மனம் போனது உண்மை. விலகி வந்தார், 1774இல் ‘வேர்த்தர்’ நாவல் வந்தது. கதாநாயகனின் துயரத்தில் ஊரே மூழ்கியது, எழுதியவரோ செடி, எலும்பு, நிறம் என்று ஆராய்ந்துகொண்டு இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அதற்காக அவரை ஞானி ஆக்கிவிடாதீர்கள். 1823இல், 74 வயதில், 19 வயது உல்ரிக்கேயைப் பெண் கேட்க அதே கோமகனைத் தூது அனுப்பினார்! கிடைக்கவில்லை. ஊர் திரும்பும் குதிரைவண்டியிலேயே எழுதியதுதான் ‘மரியன்பாட் இரங்கற்பா’. இந்த மனுசனுக்கு எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது, அதனால் தோல்வியும் பயன்பட்டது.

கேள்வி: முகநூலில் என் கவிதைக்குப் பத்து லைக் தாண்டுவதில்லை. (வாசகர், மூதூர்)

பதில்: பாரசீகக் கவி ஹாபிஸை வாசித்த மயக்கத்தில் கதே எழுதி 1819இல் வந்த ‘மேற்கு-கிழக்கு திவான்’ என்ற கவிதைத் தொகுப்பின் முதல் பதிப்பு, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதும் விற்றுத் தீரவில்லை. அதைவிட மோசம், அதிலுள்ள சில கவிதைகள் மரியன்னே என்ற பெண் எழுதியவை, கதே தன் பெயரிலேயே போட்டுக்கொண்டார். அவற்றில் இரண்டுக்கு ஷூபெர்ட் இசையமைத்தபோதும் கதேயின் பாட்டு என்றுதான் நினைத்தார். மரியன்னே 1860இல் இறந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. உங்கள் பத்து லைக்கும் உங்கள் பெயருக்கே வருகிறது இல்லையா?